நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?

2012 மார்ச் மாதம், கலிஃபோர்னியாவில் ஆர்கேடியா என்கிற ஊர். காலையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார்கள். சமையலறைத் தொட்டியில் பழைய ஒயின் பாட்டில்கள் ஊறிக்கொண்டிருந்தன, லேபிள் கழன்று வருவதற்காக. வீடு முழுக்க ஆயிரக்கணக்கில் புது லேபிள்கள், ரப்பர் ஸ்டாம்புகள், கார்க்குகள், முத்திரை மெழுகு. எதோடு எதைக் கலந்தால் எந்த வருடத்து மதுவின் சாயல் வரும் என்ற குறிப்புகளும் கிடைத்தன. வீட்டுக்காரர் ரூடி குர்னியவான். இந்தோனேசியாவிலிருந்து படிக்க வந்தவர், அப்போது வயது முப்பத்தைந்து.

அவர் மாட்டிக்கொண்ட கதை சுவாரசியமானது. 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு ஏலம். பர்கண்டியின் பொன்சோ குடும்பத்துத் தயாரிப்பு என்று சொல்லி, குளோ சான் தெனி தோட்டத்தின் 1945ஆம் வருடத்து பாட்டில்களை அவர் ஏலத்துக்குக் கொடுத்திருந்தார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லோரன் பொன்சோவே கிளம்பி வந்து நிறுத்தச் சொன்னார். காரணம் ரொம்ப எளிது. அந்தத் தோட்டத்து ஒயினை அவர்கள் தயாரிக்கத் தொடங்கியதே 1980களில்தான். 2013 டிசம்பரில் குர்னியவான் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2014இல் பத்து வருடச் சிறைத் தண்டனை.

2006இல் மட்டும் இரண்டு ஏலங்களில் 3.5 கோடி டாலருக்கு மேல் அவருடைய சரக்கு விற்றது. அந்தப் பணக்கார உலகத்தின் மேல் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. போலி வாங்கி ஏமாந்த கோடீஸ்வரனுக்காக நாம் அழ வேண்டியதில்லை. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த ஆளின் விருந்துகள். நியூயார்க் உணவகங்களில் நண்பர்களை உட்காரவைத்து, ஐம்பது அறுபது வருடத்து பாட்டில்களைத் தன் கையால் திறந்து ஊற்றியவர். கஞ்சத்தனமே கிடையாது. விருந்து முடிந்ததும் ஒரே ஒரு வேண்டுகோள்: காலி பாட்டில்களை எனக்கு அனுப்பிவையுங்கள். ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்கிறான் போல என்று நினைத்திருக்கிறார்கள்.

அவர் ஊற்றியதில் அசலும் இருந்தது, போலியும் இருந்தது. எந்த இரவில் எது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குடித்தவர்கள் கண்ணை மூடி ரசித்தார்கள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார்கள், கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். இப்போது கேள்வி. அந்தச் சந்தோஷம் நிஜமா, பொய்யா? நாக்கு பொய் சொல்லவில்லை. நட்பும், குறைந்தபட்சம் ஒரு பக்கத்தில், பொய்யில்லை. அப்படியானால் அங்கே கெட்டுப்போனது எது?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் கேள்வியாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இதே கேள்வியின் சின்ன வடிவம் ஒன்று எங்கள் நண்பர் குழுவில் இன்னும் தீராமல் கிடக்கிறது. பணம் சம்பந்தப்படவில்லை, போலீஸ் வரவில்லை. சம்பந்தப்பட்டது குன்றத்தூரில் ஒரு பரணில் இருந்த ஒரே ஒரு பாட்டில்.

*

நண்பன் 2012இல் பிரான்சில் லியோனில் ப்ராஜெக்ட் முடித்துத் திரும்பும்போது, ஏர்போர்ட்டில் இரண்டு பாட்டில் போர்தோ சிவப்பு ஒயின் வாங்கிவந்தான். இரண்டும் ஒரே பெயர், ஒரே வருடம், 2009. போர்தோவில் அது அருமையான வருடம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பாட்டில் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல, நடுத்தரம். ஒன்றை, தன்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட மூத்த சகா ஒருவருக்குக் கொடுத்தான். அவர் ஓய்வுபெற்று குன்னூரில் குடியேறியவர். இன்னொன்றைத் தானே வைத்துக்கொண்டான். "பழசாகட்டும்டா, எல்லாரும் ஒண்ணா இருக்கும்போது திறப்போம்" என்றான். பேச்சிலர் அறையில் பீர் குடித்து வளர்ந்த எங்களுக்கு அது பெரிய வாக்குறுதி.

அந்த பாட்டிலின் வாழ்க்கை வரலாறு எனக்குத் தெரியும். முதலில் பல்லாவரம் வாடகை வீட்டு ஸ்டீல் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால். பிறகு குன்றத்தூரில் வாங்கிய தரைத்தள ஃப்ளாட்டில். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட ராத்திரி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சர்ட்டிஃபிகேட் ஃபைல், நகை டப்பா, இந்த பாட்டில் மூன்றும் பரணுக்கு ஏறின. ஃபைலும் டப்பாவும் இறங்கிவிட்டன. பாட்டில் அங்கேயே தங்கிவிட்டது. அடுத்த வருடம் வர்தா புயல், ஒரு வாரம் கரண்ட் இல்லை. அப்புறம் கொரோனா. எல்லாவற்றுக்கும் நடுவில் அது மொட்டைமாடிக்கு நேர் கீழே, ஒரு ஓரத்தில் படுத்துக் கிடந்தது.

ஒயினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைப்பார்கள். பழசாக வேண்டிய ஒயினை 12, 14 டிகிரி வெப்பத்தில், இருட்டில், ஆட்டாமல் வைக்க வேண்டும். கார்க் வழியாக மிகமிக மெதுவாகக் காற்று போகும். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கனமாகி அடியில் வண்டலாகப் படியும். துவர்ப்பு தணியும், நிறம் செங்கல் பக்கம் சாயும், பழ வாசனை போய் வேறு வாசனைகள் வரும். எல்லாம் நிதானமாக நடக்க வேண்டும். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. குன்னூருக்கும் குன்றத்தூருக்கும் பெயரில் உள்ள நெருக்கம் வெயிலில் இல்லை. இதில் இன்னொன்று: உலகத்தில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டியது. வைத்திருந்தால் மேம்படுவது ஒரு சின்னப் பங்குதான். 'பழசு என்றாலே உசத்தி' என்பது ஒயின் விஷயத்திலும் மூடநம்பிக்கை.

2024 ஜனவரியில் திறப்பது என்று முடிவானது. குன்னூர் அண்ணன், தன் பாட்டிலும் திறக்கப்படாமலே இருக்கிறது என்று தெரிந்ததும், "எனக்கு டாக்டர் தடை போட்டுட்டாரு, நீங்க ரெண்டையும் சேத்து வெச்சுப் பாருங்க" என்று ஆள் மூலம் அனுப்பிவைத்தார். எங்கே குடிப்பது? நம்மூரில் 'ஒயின் ஷாப்' உண்டு, அங்கே ஒயின் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். கடைசியில் பாண்டிச்சேரி போனோம். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஈ.சி.ஆர். ஊரே பாண்டியிலிருந்து பாட்டில் கொண்டுவரும், நாங்கள் பாண்டிக்கு பாட்டில் கொண்டுபோனோம். பிரெஞ்சுத் தெருக்களில் ஒரு உணவகம். முன்கூட்டியே பேசி, பாட்டில் திறப்பதற்கான கட்டணத்தையும் கட்டிவிட்டோம்.

நான்கு பேர். பாட்டிலின் சொந்தக்காரன், நான், கல்லூரி நாளிலிருந்து எங்களோடு இருக்கும் இன்னொருவன், அப்புறம் குடிக்கவே குடிக்காத ஒருவன். கார் ஓட்ட ஆள் வேண்டுமே. ஒப்பிட வேண்டும் என்று கேட்டது சொந்தக்காரன்தான், இதைக் கவனியுங்கள். பரிமாறுகிறவரிடம் சொல்லி, உள்ளேயே இரண்டையும் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் ஆளுக்கு இரண்டு கிளாஸ் கொண்டுவர வைத்தான். "எது குன்னூர், எது குன்றத்தூர்னு கண்டுபிடிங்க. எது பெட்டர்னும் சொல்லணும். பொய் சொல்லக் கூடாது." அவன் முகத்தில் பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிறவனின் சிரிப்பு.

கண்டுபிடிக்க நிபுணன் தேவைப்படவில்லை. ஒன்று தெளிந்த சிவப்பு, ஓரத்தில் மட்டும் செங்கல் நிறம். மெலிந்திருந்தது. அதன் நல்ல காலம் இரண்டு மூன்று வருடம் முன்பே முடிந்திருக்கலாம். ஆனாலும் உயிர் இருந்தது. இன்னொன்று பழுப்பு. வாயில் வைத்ததும் வெந்த பழம், அதன் பின்னால் ஒரு காய்ந்த கசப்பு.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்லூரி நண்பன் முந்திக்கொண்டான். "ரெண்டுமே செமடா. வித்தியாசமே தெரியல." சொந்தக்காரன் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு."

"இடது பக்கம் குன்னூர், அது உயிரோட இருக்கு. வலது பக்கம் உன்னோடது மச்சான். வெந்துபோச்சு."

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தான். அந்த இடைவெளியில் கல்லூரி நண்பன் என்னிடம், குரலை உயர்த்தாமல்தான், கேட்டான்: "பன்னெண்டு வருஷம். வெள்ளத்துல காப்பாத்தி வெச்சிருந்தான். நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? உனக்கு என்ன குறைஞ்சிரும்?"

*

அவன் வாதத்தை அவனைவிட நன்றாகவே எடுத்துவைக்கப் பார்க்கிறேன். இரண்டு நாள் கழித்து அவனே எனக்கு ஒரு ஆய்வைப் பற்றி அனுப்பினான். 2008இல் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் செய்தது. ஆட்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாக ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒருமுறை பத்து டாலர் என்றும், இன்னொருமுறை தொண்ணூறு டாலர் என்றும் சொல்லி. தொண்ணூறு என்று நம்பியபோது அதிகம் பிடித்தது என்றார்கள். சும்மா வாயால் சொல்லவில்லை, சுகத்தை உணரும் மூளைப் பகுதியே அப்போது கூடுதலாக வேலைசெய்தது. அதாவது சொல்லப்பட்ட பொய் உண்மையான இன்பமாக மாறியது.

அவன் கேட்பது: பொய்யால் நிஜ இன்பம் வருமென்றால், உண்மையால் நிஜ வலி வருமென்றால், ஒரு நண்பனாக நீ எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? பாட்டில் எப்படியும் திறந்தாயிற்று. திரும்ப மூட முடியாது. பன்னிரண்டு வருடத்தைத் திருப்பித்தர முடியாது. இனி எதையும் மாற்றப் பயன்படாத ஓர் உண்மையைச் சொல்லி என்ன பிரயோஜனம்? இதோடு நம் பழமொழியையும் அவன் சேர்த்துக்கொண்டான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

நல்ல வாதம். சில நாட்கள் நான் பதில் இல்லாமல்தான் இருந்தேன்.

பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன். மாடு தானமாகக் கொடுக்கப்பட்டால் கொடுத்தவன் கையை விட்டுப் போய்விடுகிறது. அதன் பல் இனி வாங்கியவன் கவலை. கொடுத்தவனிடம் குறை சொல்வது அழகல்ல, சரி. ஆனால் ஒரு பாட்டிலைத் திறந்து நான்கு கிளாஸில் ஊற்றுவது தானம் அல்ல. கொடுத்தவன் கையிலும் அதே கிளாஸ் இருக்கிறது. அவன் நாக்கிலும் அதே கசப்பு இருக்கிறது. என் நண்பனுக்கு நாக்கு இல்லையா? நான் சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். நாங்கள் மூவரும் "செம, செம" என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தன் வாயில் இருக்கும் கசப்போடு அவன் மட்டும் அந்த மேசையில் தனியாக உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் எல்லாம் ஏதோ ஒன்றை ரசிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று. அல்லது இன்னும் மோசமாக, இவர்கள் எனக்காக நடிக்கிறார்கள் என்று.

பகிர்வது என்ற சொல்லை நாம் சும்மா சோற்றைப் பிரித்துப் போடுவதற்கும் பயன்படுத்துகிறோம். ஆனால் சுவையைப் பகிர்வது வேறு மாதிரி. ஒரே பொருள் பல வாய்களில் இருக்கிறது, எல்லாரும் அதைத்தான் ருசிக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இந்தத் தெரிதல் இல்லாவிட்டால், நான்கு பேர் தனித்தனியாகக் குடித்தார்கள், அவ்வளவுதான். அன்பான பொய் இந்தத் தெரிதலைத்தான் அறுக்கிறது.

குர்னியவான் விருந்துகளிலும் கெட்டுப்போனது இதுதான் என்று தோன்றுகிறது. மேசையில் பத்துப் பேர் 1945ஐக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தன் சமையலறையில் போன வாரம் கலந்ததைக் குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸில் இருந்தது ஒன்றே, மேசையில் இருந்தது இரண்டு. அந்த இரவுகளில் ரொம்பத் தனிமையாக இருந்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். இது என் ஊகம். அவர் நன்றாகவே ரசித்தும் இருக்கலாம், எனக்கு அவர் மேல் கொஞ்சம் அளவுக்கு மீறிய இரக்கம் உண்டு.

இதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. தண்டனை முடிந்து 2021இல் அவரை இந்தோனேசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். 2023இல் சிங்கப்பூரில் ஒரு விருந்தில் புகழ்பெற்ற அசல் ஒயின்களோடு அவர் கலந்து தயாரித்த நகல்களையும் வைத்து ஒப்பிட்டார்கள் என்றும், வந்தவர்களில் பலருக்கு நகல்தான் பிடித்தது என்றும் செய்திகள் வந்தன. அதே மனிதர், அதே கைவேலை. ஆனால் இந்த முறை நகலும் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இதில் யாரும் ஏமாறவில்லை. சொல்லப்போனால் அது நல்ல விளையாட்டு. எனவே போலி என்பது அந்தத் திரவத்தில் இல்லை. அந்த ஆய்வுக்கும் இதுவே என் பதில். பொய்யால் வந்த இன்பம் நிஜம்தான், மறுக்கவில்லை. அது ஒற்றை ஆளின் மண்டைக்குள் நடக்கிற நிஜம். ஸ்கேன் கருவிக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படுக்க முடியும்.

*

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் ஒரு பாட்டு நினைவுக்கு வந்திருக்கும். புறநானூறு 235. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று தொடங்கும் கையறுநிலை. அங்கே கள் நன்றாக இருந்ததா, போன தடவையைவிட மட்டமா என்ற பேச்சே இல்லை. அளவு மட்டும்தான். கொஞ்சமா, நிறையவா. என் கல்லூரி நண்பன் பக்கம் நின்று பேசுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆனால் இதே ஔவைதான் 95ஆம் பாட்டையும் பாடியவர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். மயில்பீலி சூட்டி, நெய் பூசி, பளபளவென்று வைத்திருக்கும் வேல்கள். ஔவை பார்த்துவிட்டு, இவை அழகாகக் காவலில் இருக்கின்றன, எங்கள் ஆளுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். இவ்வளவு கச்சிதமான ஒப்பீடு தமிழில் எத்தனை இருக்கும்? (குன்றத்தூர் தொண்டை நாட்டில் இருக்கிறது என்பதால் எனக்கு இதில் சின்ன வருத்தம் உண்டு.) அதியமான் தன் கள்ளைப் பகிர்ந்தது இப்படிப்பட்ட நாக்கோடு. முகஸ்துதிக்காக அவளைப் பக்கத்தில் வைத்திருந்தான் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒப்பிடுவதால் நட்பு கெடும் என்ற பயம், ஒப்பீட்டை மதிப்பெண்ணோடு குழப்பிக்கொள்வதால் வருகிறது. 1970களின் இறுதியில் அமெரிக்கர் ராபர்ட் பார்க்கர் ஒயினுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடத் தொடங்கினார். பிறகு அதுவே உலக வழக்கம். நூற்றுக்கு 89 வாங்கிய பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு, 96 வாங்கியவனின் முகத்தைப் பார்க்கும் மேசைகள் நிச்சயம் நரகம்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் சொந்தக்காரர்கள் கூடிய வீடு மாதிரி.

எங்கள் மேசையில் நடந்தது வேறு. சொந்தக்காரன் வாசலிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்ததும், அதுவரை மீனை முள்ளெடுத்துக்கொண்டிருந்த குடிக்காதவன் வலது பக்கக் கிளாஸை எடுத்து மோந்து பார்த்தான். "டேய், இது எங்க ஆயா வீட்டுப் பானை. பழைய புளி." இன்னொரு முறை மோந்தான். "இல்ல, புளி அடியில. மேல வெல்லப்பாகு. கொஞ்சம் முத்திப்போன பாகு." சொந்தக்காரன் கிளாஸை வாங்கி மோந்தான். "காஞ்ச அத்திப்பழம்டா" என்றான். அப்புறம் பத்து நிமிஷம் இதே வேலை. இடது பக்கத்தில் நாவல்பழம் தின்ற பிறகு வாயில் நிற்கும் துவர்ப்பு, ஈரமான பலகை, பழைய நோட்டுப் புத்தகம். வலது பக்கத்தில் வெயிலில் நின்ற கார் சீட் என்று நான் சொன்னதற்கு மட்டும் எல்லாரும் சிரித்தார்கள்.

இங்கிலீஷில் ஒயின் பற்றிப் படித்தால் பிளாக்கரண்ட், சீடர் மரம், வயலட் பூ என்று வரும். கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் 1980களில் இந்த வாசனைச் சொற்களை எல்லாம் ஒரு சக்கரமாகவே அடுக்கிவைத்தார். நல்ல வேலை. ஆனால் பிளாக்கரண்டை நான் ஜாம் பாட்டிலைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. இரவல் சொல்லில் ஒரு சுவையைச் சொல்லும்போது நாம் ருசியைச் சொல்வதில்லை, படித்ததைச் சொல்கிறோம். குடிக்காதவன் சொன்ன 'பழைய புளி'யில் பாராட்டும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. தமிழ் வீட்டில் பழைய புளிக்கு ஒரு மரியாதை இருக்கிறது, புதுப்புளி ஆகாது என்று சொல்லி வருஷம் தாண்டிய புளியைத் தேடிப் போடும் கைகள் இருக்கின்றன. அந்தச் சொல் வந்த பிறகுதான் அந்தக் கிளாஸ் மேசைக்குப் பொதுவானது.

*

ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. தமிழ்நாட்டில் மதுவைப் பற்றி இப்படி நிதானமாக எழுதுவது ஒரு சொகுசு. குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தபோது அதை விடுதலையாக உணர்ந்த பெண்கள் ஏராளம் இருந்திருப்பார்கள், இன்றும் எத்தனையோ வீடுகளில் அந்தக் கணக்கு தீரவில்லை. நாங்கள் பாண்டிச்சேரியில் உட்கார்ந்து 'வெந்துபோச்சா, இல்லையா' என்று பேசிய ஐந்தாவது மாதம், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அங்கேயும் கேள்வி ஒன்றுதான். கிளாஸில் என்ன இருக்கிறது? ஊற்றியவனுக்குத் தெரிந்தது குடிப்பவனுக்கும் தெரியுமா? குர்னியவான் விஷயத்தில் அந்தக் கேள்விக்கான விலை டாலர், கருணாபுரத்தில் அது உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் 'கிளாஸில் இருப்பதைப் பற்றிய உண்மை சின்ன விஷயம்' என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது அந்தப் பெயர்தான் ஞாபகம் வருகிறது.

*

'வெந்துபோச்சு' என்று நான் சொன்னது சரிதான். ஆனால் வெந்துபோவது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் குறை அல்ல. மறுநாள் காலை அரிக்கமேடு போனோம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மாமரங்கள், இடிந்த சுவர் ஒன்று, பார்க்க வேறொன்றும் இல்லை. 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இங்கேதான் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. புறநானூறு 56இல் நக்கீரர், யவனர்கள் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணத்தில் குடித்து மகிழும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யோசித்துப் பாருங்கள். எகிப்து வழியாக, செங்கடல் வெயிலில், கோடை நடுவில் கிளம்பிப் பருவக்காற்றில் கடல் தாண்டி, களிமண் ஜாடியில் வந்து சேர்ந்த ஒயின். குளிர்சாதனம் கிடையாது. நன்மாறன் குடித்தது குன்னூர் பாட்டிலை விடக் குன்றத்தூர் பாட்டிலுக்குத்தான் நெருக்கமாக இருந்திருக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார். அவனுக்கு அது உலகத்திலேயே உயர்ந்த பானம்.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம். கம்பெனிக்காலத்து வெள்ளைக்காரர்கள் மெட்ராஸில் விரும்பிக் குடித்தது மதேரா. அட்லாண்டிக்கில் போர்ச்சுகீசியர்களின் ஒரு தீவு ஒயின். கப்பலின் அடித்தளத்தில் வெப்பமண்டலக் கடல்களைத் தாண்டி வேகும்போது அது கெடுவதற்குப் பதிலாக மேம்படுகிறது என்று வியாபாரிகள் கண்டுபிடித்தார்கள். இந்தியா வரை போய்த் திரும்பி வந்த பீப்பாய்க்குக் கூடுதல் விலை. பிறகு கப்பலில் அனுப்புவது கட்டுப்படியாகாமல், ஊரிலேயே வேகவைக்க ஆரம்பித்தார்கள். உயர்ந்த ரக மதேரா இன்றும் வெயில் ஏறும் பரண்களில் பீப்பாயோடு வருடக்கணக்கில் கிடந்துதான் தயாராகிறது. பரண்!

இதை அரிக்கமேட்டு மாமரத்தடியில் நான் சொன்னபோது சொந்தக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். கல்லூரி நண்பன் சிரிக்கவில்லை. "இதை நேத்தே சொல்லி அவன் மனசைத் தேத்தியிருக்கலாம்ல?" என்றான். சொல்லியிருந்தால் அதுவும் ஒரு பொய்யாகியிருக்கும். மதேராவில் பாதியில் பிராந்தி வகைச் சாராயம் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள், அந்தப் பலத்தால்தான் அது வெயிலைத் தாங்குகிறது. போர்தோவுக்கு அந்தப் பலம் கிடையாது. எங்கள் கிளாஸில் இருந்தது மதேரா அல்ல, வெந்துபோன போர்தோ. அதை அதுவாக முதலில் ஒப்புக்கொள்ளாமல் நன்மாறனையும் கம்பெனியையும் கூட்டிவந்து நிறுத்துவது, செத்த வீட்டில் தத்துவம் பேசுவது மாதிரி.

அன்று ராத்திரி குன்னூர் பாட்டிலை நானும் கல்லூரி நண்பனும் காலி செய்தோம். குன்றத்தூர் பாட்டிலில் மிச்சமிருந்ததை யாருக்கும் தராமல் சொந்தக்காரனே மெதுவாகக் குடித்து முடித்தான். நன்றாக இருந்ததாக அவன் சொல்லவில்லை. வண்டல் வரும்வரை குடித்தான். நடுவில் குன்னூர் அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "அண்ணே, உங்க பாட்டில் நல்லா இருக்கு, என்னோடது புளிச்சட்டி ஆயிடுச்சு" என்று அவன் வாயாலேயே சொன்னான். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இவன் ரொம்ப நேரம் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்றுகொண்டிருந்தான்.

கல்லூரி நண்பன் இன்னும் தன் கட்சியை விடவில்லை. நேர்மை என்ற பெயரில் நாங்கள் ஒரு நல்ல மனிதனைப் பத்து நிமிஷம் வாசலில் தனியாக நிறுத்திவிட்டோம், தனிமையைப் பற்றிப் பேச உனக்கு யோக்கியதை இல்லை என்கிறான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்பவும் சொல்வேன். இந்த டிசம்பரில் அவன் முறை, ஆறு வருடமாக வைத்திருக்கும் ஏதோ ஒன்றைக் கொண்டுவருகிறானாம். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான், நான் வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்காமல் எப்படிடா குடிக்கிறது என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. குடிக்காதவனை மட்டும் மோந்து பார்க்க அனுமதித்திருக்கிறான்.